வெந்த ரப்பர்: தாமல் பஞ்சர் கடையில் தொடங்கிய ஒரு வரலாறு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலூரில் ஒரு சின்ன வேலை இருந்ததால் காஞ்சிபுரத்திலிருந்து காலையிலேயே பைக்கில் கிளம்பிட்டேன். பாலுசெட்டிசத்திரம் தாண்டி தாமல் ஏரிக்கரை கண்ணில் பட்ட நேரத்தில் பின் சக்கரம் ஆட ஆரம்பிச்சது. இறங்கிப் பார்த்தால் பஞ்சர். பெங்களூர் போகிற லாரிகள் எல்லாம் என்னைத் தாண்டி விர்ருன்னு போக, வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தேன்.

தாமல் சும்மா வழியில் வரும் ஊர் இல்லை. பழைய தொண்டை மண்டலத்தின் கோட்டங்களில் ஒன்றுக்கே தாமல் கோட்டம் என்று பெயர். வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில், அந்தப் பெரிய ஏரி மூணையும் பற்றித் தனியாக எழுத ஆசை உண்டு. ஆனால் இந்தக் குறிப்பு கோயிலைப் பற்றியது இல்லை. சாலை ஓரத்தில் இருந்த ஒரு பஞ்சர் கடையின் போர்டைப் பற்றியது.

போர்டில் பெயிண்ட் உரிந்த எழுத்தில் 'வல்கனைசிங் ஒர்க்ஸ்' என்று இருந்தது. இந்த வார்த்தையை சின்ன வயசிலிருந்து நெடுஞ்சாலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் கேட்டதே இல்லை. கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். டியூபை உருவி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழ் வருகிற இடத்தைக் குச்சியால் அடையாளம் வைத்தார். "ஏற்கெனவே மூணு ஒட்டு இருக்கு தம்பி. சொல்யூஷன் போட்டா நிக்காது. ஹாட் பேட்ச் வெச்சிடறேன்" என்றார். டியூபைச் சுரண்டி, மேலே ஒரு துண்டு ரப்பரை வைத்து, சூடாகிற இரும்புக் கவ்வியில் இறுக்கினார். காத்திருக்கிற நேரத்தில் போர்டைக் காட்டி, "அண்ணே, வல்கனைசிங்னா என்ன?" என்று கேட்டேன்.

"வேக வைக்கிறதுதான். இந்தத் துண்டு வேகாத ரப்பர். சூட்டுல வெந்து டியூபோட ஒண்ணாயிடும். மாவு வெந்தா இட்லி ஆகுதில்ல, அப்படி. வெந்ததுக்கு அப்புறம் திரும்ப மாவு ஆகாது."

கடைக்குப் பின்னால் பழைய டயர், டியூப் எல்லாம் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "அலுமினியப் பாத்திரம் ஓட்டையானா உருக்கி மறுபடி பாத்திரம் பண்றான். உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி குடம் பண்றான். இதை மட்டும் ஏன் உருக்க முடியலை? நீங்கள்லாம் படிச்சவங்கதானே, சொல்லுங்க."

அப்போ எனக்குப் பாதி பதில்தான் தெரியும். மீதியைத் தேடிப் படித்ததில் எடுத்த குறிப்புகள்தான் இது.

வேகாத ரப்பரின் காலம்

ரப்பர் மரத்தின் பால் தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் புழக்கத்தில் இருந்த பொருள். மெக்சிகோவில் கிடைத்த ரப்பர் பந்துகள் கி.மு. 1600 அளவுக்குப் பழையவை. அங்கே மரத்துப் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளும் தன்மையைக் கூட்டத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவுக்கு இது 18-ஆம் நூற்றாண்டில்தான் சரியாக அறிமுகம். 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை அழிக்க இந்தப் பொருள் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்தார். தேய்ப்பது என்ற வேலையிலிருந்து வந்த பெயர்தான் 'ரப்பர்'. நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் அழிப்பானை 'ரப்பர்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் அறியாமலே மூல அர்த்தத்தைக் காப்பாற்றி வருகிறார்கள்.

1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டோஷ், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி மழைக்கோட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மழைக்குச் சரி, வெயிலுக்குத்தான் சரியில்லை. வெயில் வந்தால் பிசுபிசுன்னு ஒட்டும், பனி வந்தால் பலகை மாதிரி விறைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1830-களில் அரசுக்காக ரப்பர் தபால் பைகள் செய்தார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் பைகள் வெயிலில் உருகித் தொங்கிக்கொண்டு இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் தாமல் கடைக்காரர் கேட்ட 'உருக முடியற ரப்பர்' அந்தக் காலத்தில் இருந்தது. உருகுவதுதான் அன்று பிரச்சினையே.

கந்தகம் போட்ட முடிச்சு

நதானியேல் ஹேவர்ட் என்பவர் ரப்பரில் கந்தகம் சேர்த்தால் பிசுபிசுப்பு குறைகிறது என்று கண்டிருந்தார். அந்த உரிமையை குட்இயர் வாங்கினார். 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. உருகி வழியும் என்று நினைத்தால், தோல் மாதிரி கருகி நின்றது. கருகின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பகுதி, வெயிலுக்கும் பனிக்கும் அசையாத நல்ல ரப்பராக மாறியிருந்தது. அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1844-ல் வந்தது. அதற்குள் அவருடைய மாதிரிகளைப் பார்த்திருந்த இங்கிலாந்தின் தாமஸ் ஹான்காக் 1843-ல் லண்டனில் முந்திக்கொண்டார். ரோமானிய நெருப்புக் கடவுளான வல்கன் பெயரை இந்த முறைக்கு வைக்கச் சொன்னது ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கெடன். அந்த ரோமானியக் கடவுள்தான் இன்று தாமல் பஞ்சர் கடை போர்டில் தமிழ் எழுத்தில் நிற்கிறார்.

குட்இயர் 1860-ல் பெரும் கடனோடு செத்துப்போனார். அவர் பெயரில் இருக்கிற டயர் கம்பெனி 1898-ல் வேறு ஆட்கள் தொடங்கியது. அவருக்கும் அதற்கும் சம்பந்தம் பெயர் மட்டும்தான்.

சரி, அடுப்பில் என்ன நடந்தது? நான் காஞ்சிபுரத்துக்காரன். தறி வைத்து யோசித்தால்தான் எனக்கு எதுவும் புரியும். பச்சை ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறு இழைகளின் குவியல். ஒவ்வொரு இழையிலும் ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் கண்ணிகள். தரையில் குவித்துப் போட்ட நூல் மாதிரி. இழைகள் சிக்கிக் கிடந்தாலும் முடிச்சு கிடையாது. மெதுவாக இழுத்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சூடு ஏறினால் இன்னும் சுலபமாக வழுக்கும். அதுதான் உருகுவது.

கந்தகம் போய் இரண்டு இழைகளுக்கு நடுவே பாலம் கட்டுகிறது. அங்கங்கே முடிச்சுப் போட்ட மாதிரி. இப்போ இழுத்தால் நீளும், ஆனால் வழுக்காது. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். டயர் ரப்பரில் பொதுவாக 100 பங்கு ரப்பருக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம் போதும். 30 பங்குக்கு மேல் போனால் எபோனைட் மாதிரி கட்டையாகிவிடும். வேக வைக்கிற சூடு ஏறக்குறைய 140 முதல் 180 டிகிரி செல்சியஸ்.

முடிச்சு எல்லா இழைகளையும் தொட்டுவிட்டதால், ஒரு டயரில் இருக்கிற ரப்பர் மொத்தத்தையும் கொள்கை அளவில் ஒரே மூலக்கூறு என்று சொல்லலாம். உருகுவது என்றால் மூலக்கூறுகள் ஒன்றை விட்டு ஒன்று நகர்வது. இருப்பதே ஒன்றுதான் என்றால் எதை விட்டு எது நகரும்? கடைக்காரர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான். இட்லி உவமையில் அவர் சொன்னது சரி.

முடிச்சின் விலை

முடிச்சு விழுந்த பிறகுதான் ரப்பருக்கு உலகம் முழுக்கப் பசி வந்தது. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை 3,000-ஐக் கூடத் தொடவில்லை. அதில் 1,900 போல அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் மோட்டார் கார். மலாயாவில் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களில் விடியும் முன்னே மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பங்கு, கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். வடஆற்காட்டு ஆட்களும் அதில் உண்டு. தாமலிலிருந்து வடஆற்காட்டு எல்லை கூப்பிடு தூரம்தான்.

இந்தியாவில் 1902-ல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் வந்தது. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான். அங்கே பால்வெட்டு, ஷீட், ஒட்டுப்பால் எல்லாம் அன்றாட வார்த்தைகள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தன.

நம் பக்கத்துக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் அவர் அடுத்து இறங்கியது டிரெட் ரப்பர் தயாரிப்பில். டிரெட் ரப்பர் என்றால் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டி வேக வைக்கிற புதுத் தோல், அதாவது ரீட்ரேடிங் சரக்கு. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி டயர் கம்பெனி ஆனது 1961-க்குப் பிறகு. எம்.ஆர்.எஃப். என்ற பெரிய பெயர் பழைய டயருக்கு மறுவாழ்வு கொடுக்கிற வேலையிலிருந்துதான் வளர்ந்தது என்பது எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த சந்தோஷமான தகவல். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் டயர் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பட்டுக்குச் சொல்கிற மாதிரி டயருக்கும் சொல்லலாம்.

ஆனால் ரீட்ரேடிங் என்பது ஆயுளை நீட்டுவதுதான். டயரின் உடம்பு கெட்டியாக இருக்கும் வரைதான் அது நடக்கும். அதற்கப்புறம்?

நம் ஊரில் அதற்கும் வழி வைத்திருந்தோம். டயர் செருப்பு, டயர் வண்டி மாடு, கிணற்றடியில் டியூப் கயிறு, உண்டிகோல், நாங்கள் தெருவில் குச்சியால் தட்டி ஓட்டின சைக்கிள் டயர். எல்லாவற்றிலும் ரப்பர் வெந்த வடிவத்திலேயேதான் இருந்தது. வெட்டலாம், கட்டலாம், உருக்கத்தான் முடியாது.

உலகமும் முயற்சி பண்ணாமல் இல்லை. 1899-ல் ஆர்தர் மார்க்ஸ் என்ற அமெரிக்கர், பழைய ரப்பரைக் காரத்தில் அழுத்தத்தோடு வேக வைத்து மீட்கிற முறையைக் கொண்டு வந்தார். 1942-ல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் வீதம் பழைய ரப்பரை வாங்கினார். ஜனங்கள் டயர், பூட்ஸ், தண்ணீர்க் குழாய் எல்லாம் கொண்டு வந்து கொட்டினார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய 4.5 லட்சம் டன் சேர்ந்தது. மலை மாதிரி குவிந்தும், அதில் புது டயர் தரத்துக்குத் தேறியது கொஞ்சம்தான். செயற்கை ரப்பர் ஆலைகள்தான் கடைசியில் காப்பாற்றின.

காரணம் எளிது. நாம் அறுக்க நினைப்பது கந்தகப் பாலத்தை மட்டும். ஆனால் சூடும் அரைப்பும் இழையையும் சேர்த்து அறுத்துவிடும். பாலத்தின் பிணைப்பு இழையின் பிணைப்பை விடக் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான் வித்தியாசம். முடிச்சை அவிழ்க்கக் கத்தரிக்கோல் எடுத்தால் துணியும் கிழிகிற கதை. அதனால் மீட்ட ரப்பரைப் புது ரப்பரோடு கொஞ்சமாகக் கலந்து, பாய், குழாய், செருப்பு அடி என்று தரம் குறைந்த வேலைகளுக்கே பெரும்பாலும் விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சரியான ஒப்பு இருக்கிறது. "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று தெருவில் குரல் வரும். வாங்கிப் போய் எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். வெள்ளி மீளும். பட்டு சாம்பல். டயரை ஆக்சிஜன் இல்லாமல் சுட்டு எண்ணெயும் கரியும் கம்பியும் எடுக்கிற பைராலிசிஸ் ஆலைகளும் அதே கணக்குதான். ஏதோ மீளும், ரப்பர் மீளாது.

ஒரு போகி

இதை எழுதாமல் விட மனசு வரலை. எனக்கு பன்னிரண்டு வயசு இருக்கும்போது, போகிக்கு எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் சேர்ந்து நாலு டயர் கொளுத்தினோம். பாய், முறம், கிழிசல் எல்லாம் சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும். டயர் எரிந்தால்தான் விடிகிற வரை நிற்கும். நான்தான் ஒர்க் ஷாப்பிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் அப்பா தறிக்குழியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், இழுப்பு உண்டு. அன்றைக்குக் காலையில் கறுப்புப் புகை சந்து முழுக்க நின்று, அவரைத் தாங்கலாகத் திண்ணையில் உட்கார வைத்து அம்மா விசிறிக்கொண்டிருந்தாங்க. அவர் என்னைத் திட்டவில்லை. "எரியறதுக்கு அது விறகு இல்லடா" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் போகிக்கு முன்னாடியே டயர் எரிக்காதீங்க என்று அறிவிக்கிறது. சென்னையில் போகிப் புகையால் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு. 2022 ஜூலையில் மத்திய அரசு பழைய டயருக்குப் புது விதி கொண்டு வந்தது. டயர் செய்கிற கம்பெனி, இறக்குமதி பண்ணுகிற கம்பெனி எல்லாம் அதற்கு ஈடான பழைய டயரை மறுசுழற்சி செய்ததற்குக் கணக்குக் காட்டணும். 2022–23-க்கு 35 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்து 100. வெளிநாட்டுப் பழைய டயரை பைராலிசிஸுக்காக இறக்குவதற்கும் தடை. விதி நல்ல விதி. ஆனால் 'மறுசுழற்சி' என்ற வார்த்தைக்குள் பொடியாக்கித் தார்ச் சாலையில் போடுவதும் வரும், சுட்டு எண்ணெய் எடுப்பதும் வரும். டயர் மறுபடி டயராவது அதில் அபூர்வம்.

அவிழ்கிற முடிச்சு

இப்போ கேள்வியைத் திருப்பிப் போடலாம். முடிச்சு வேண்டும், ஆனால் நாம் சொல்லும்போது அவிழணும், மறுபடி சொன்னால் விழணும். அப்படி ஒரு பிணைப்பு இருக்கிறதா?

இருக்கிறது. நம் தலையிலேயே இருக்கிறது. ராத்திரி ஈரத்தலையோடு படுத்தால் காலையில் முடி கோணலாக நிற்கும். மறுபடி தண்ணீர் தொட்டால் நேராகும். அது ஹைட்ரஜன் பிணைப்பின் வேலை. தண்ணீரும் சூடும் பட்டால் விடும், காய்ந்தால் பிடிக்கும். புடவைக்கு இஸ்திரி போடும்போதும் அதே பிணைப்புதான் விட்டுப் பிடிக்கிறது. பட்டு இழையின் உறுதியே அதன் புரதச் சங்கிலிகள் லட்சக்கணக்கான ஹைட்ரஜன் பிணைப்புகளால் அடுக்கடுக்காகப் பிடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனம், கூட்டமாகச் சேர்ந்தால் கல்யாணப் புடவை.

பியூட்டி பார்லரில் 'ரீபாண்டிங்' என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அது அடுத்த வகை. முடியில் இருக்கிற கந்தகம்–கந்தகம் பிணைப்பை ஒரு மருந்தால் அறுத்து, முடியை நேராக்கி, இன்னொரு மருந்தால் மறுபடி பிணைக்கிறார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. டயரில் கந்தகப் பாலம், முடியில் கந்தகப் பாலம். முடியில் முடிகிறது என்றால் டயரில் ஏன் முடியாது?

இதன் முதல் தடயம் 1946-லேயே இருக்கிறது. பிரின்ஸ்டனில் ஆர்தர் டொபோல்ஸ்கி, பாலிசல்பைடு ரப்பரை இழுத்துப் பிடித்து சூடு பண்ணிப் பார்த்தார். இழுவிசை மெல்ல மெல்லக் குறைந்து போனது. ரப்பர் அறுந்துவிடவில்லை. உள்ளே கந்தகப் பிணைப்புகள் ஒன்றை விட்டு இன்னொன்றோடு கை மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். அன்றைக்கு அதைப் பொருளின் குறையாகத்தான் பார்த்தார்கள். இழுத்தால் தளர்ந்து போகிற ரப்பர் யாருக்கு வேண்டும்? அதே குறையை குணமாகப் பார்க்க அறுபது ஆண்டு ஆனது.

2002-ல் கலிபோர்னியாவில் ஃபிரெட் வுடலின் குழு வேறு வழியில் போனது. 1928-ல் டீல்ஸும் ஆல்டரும் கண்டுபிடித்த ஒரு வினை இருக்கிறது. 1950-ல் அதற்கு நோபல் பரிசு. இரண்டு மூலக்கூறுகள் மிதமான சூட்டில் கைகோர்த்து வளையமாகும், சூடு கூடினால் கை விடும். அந்த வளையத்தையே முடிச்சாக வைத்து வுடல் குழு கெட்டியான பிளாஸ்டிக் ஒன்றைச் செய்தது. விரிசல் விட்டால் சுமார் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆற வைத்தால் மறுபடி ஒட்டியது. தனியாகப் பசை கிடையாது. கரக்பூர் ஐஐடியின் ரப்பர் தொழில்நுட்ப மையத்தில் நிகில் சிங்காவின் குழு இதே டீல்ஸ்–ஆல்டர் வழியில் வேலை செய்திருக்கிறது.

2008-ல் பாரிஸிலிருந்து வந்தது எனக்கு ரொம்பப் பிடித்த ரப்பர். லுட்விக் லைப்லர் குழு தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களையும் யூரியாவையும் வைத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் கோர்த்த ரப்பர் ஒன்றைச் செய்தது. பல மடங்கு நீளும், விட்டால் திரும்பும். பிளேடால் இரண்டாக வெட்டி, வெட்டுவாயைச் சேர்த்துப் பிடித்தால், சூடு இல்லாமல் அறை வெப்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம் சேர்த்து வைக்கிறோமோ அவ்வளவு பலம். ஆனால் ஒரு நிபந்தனை. வெட்டின துண்டுகளை ரொம்ப நேரம் பிரித்து வைத்தால் ஒட்டாது. வெட்டுவாயில் தனியாக நிற்கிற பிணைப்புகள் காத்திருந்து பார்த்துவிட்டு, தங்கள் பக்கத்திலேயே வேறு துணை தேடிக்கொள்ளும்.

2011-ல் அதே குழு 'விட்ரிமர்' என்ற வகையைக் கொண்டு வந்தது. இதில் முடிச்சு அவிழ்ந்து பிறகு விழுவதில்லை. ஒரு முடிச்சு இன்னொன்றோடு இடம் மாறுகிறது. எந்த நேரம் எண்ணினாலும் முடிச்சுகளின் எண்ணிக்கை அதேதான். எங்கள் ஊரில் அச்சு பிணைக்கும்போது பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவு இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். தறி கலையாது, அச்சு கலையாது, ஆனால் பாவே மாறிவிடும். விட்ரிமரை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சூட்டில் கண்ணாடி மாதிரி மெல்ல இளகும், வளைக்கலாம், ஒட்டலாம், ஆறினால் கெட்டி.

கடைசியாக நம் கதைக்கு நேராக வருகிற மூன்று வேலைகள், மூன்றும் 2015-ஐ ஒட்டியவை. சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் சாதாரண கந்தகம் போட்டு வெந்த ரப்பரிலேயே கொஞ்சம் தாமிர உப்பைச் சேர்த்து, அந்தக் கந்தகப் பாலங்களையே சூட்டில் கை மாற வைத்தார்கள். விரிசல் ஒட்டியது, பொடியாக்கின ரப்பர் மறுபடி அச்சில் சேர்ந்தது. லைப்லர் குழு இயற்கை ரப்பரில் கொஞ்சம் மாற்றம் செய்து, கந்தகப் பாலம் கை மாறுகிற, மறுபடி வார்க்கக்கூடிய ரப்பரைச் செய்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் அமித் தாஸ் குழு, டியூப்லெஸ் டயரின் உள்பூச்சுக்குப் பயன்படும் புரோமோபியூட்டைல் ரப்பரில் கந்தகமே இல்லாமல் அயனிப் பிணைப்பை வைத்து, வெட்டினால் தானே ஒட்டுகிற ரப்பராக்கியது. குட்இயர் போட்ட முடிச்சைத் திறக்க 175 வருஷம் கழித்து சாவி கிடைத்தது.

அப்புறம் ஏன் கடையில் கிடைக்கலை?

சாவி இருக்கிற பூட்டு எதிர்பாராத நேரத்திலும் திறந்துகொள்ளலாம் என்பதால்தான். டயர் ஓடும்போது சூடாகும். லாரி டயர் பல டன் எடையைத் தாங்கிக்கொண்டு ஒரு பயணத்திலேயே லட்சக்கணக்கான முறை நசுங்கி நிமிரும். பிணைப்பு சுலபமாகக் கை மாறினால் ஒட்டும். ஆனால் பாரத்தில் மெல்ல மெல்ல வடிவமும் மாறும். டொபோல்ஸ்கி பார்த்த அதே தளர்ச்சி. கை மாறாத அளவு இறுக்கினால் உறுதி வரும், ஒட்டுவது போய்விடும். இந்த இழுபறிதான் இத்துறையின் மையப் பிரச்சினை. ஓடுகிற சூட்டில் பூட்டியிருக்கணும், ஆலையின் சூட்டில் திறக்கணும். அதோடு டயரில் ரப்பர் மட்டுமா இருக்கு? கார்பன் பிளாக், எஃகுக் கம்பி, நைலான் துணி எல்லாம் சேர்ந்தது.

இன்னொன்று. இப்போ 'பஞ்சர் ஆகாத டயர்', 'தானே ஒட்டும் டயர்' என்று விற்பதில் பெரும்பாலும் உள்ளே பிசுபிசுப்பான ஒரு பூச்சு இருக்கும். ஆணி குத்தினால் அது போய் ஓட்டையை அடைக்கும். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் ரப்பர் குணமாகவில்லை. புண்ணில் பிளாஸ்திரி போடுவதும் தோல் வளர்வதும் ஒன்றில்லையே.

மறுபடி தாமல்

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது வேணும்னே கடையில் நிறுத்தினேன். ஹாட் பேட்ச் கெட்டியாக நிற்கிறது என்று சொன்னேன். "வெந்தது விடாது தம்பி" என்றார். டீ வாங்கிக் கொடுத்து, மேலே எழுதினதை எல்லாம் சுருக்கிச் சொன்னேன். பாரிஸ் ரப்பர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "வெட்டின உடனே சேர்த்தா ஒட்டும், நாளாச்சுன்னா ஒட்டாதா? அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி இருக்கே."

"அப்படி ஒரு டயர் வந்துட்டா உங்க கடை என்னண்ணே ஆகும்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் தப்பாக் கேட்டுட்டோமோ என்று தோன்றியது. விசைத்தறி வந்த காலத்தில் எங்கள் அப்பாவிடமும் யாரோ இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

அவர் கோபப்படவில்லை. "டியூப்லெஸ் வந்தப்பவே கடையை மூடச் சொன்னாங்க. இப்போ டியூப்லெஸ்ஸுக்கும் நான்தான் ஒட்டறேன். எனக்கு அது கவலை இல்ல." பின்பக்கக் குவியலைக் காட்டினார். "மழை பெய்ஞ்சா இதுல தண்ணி நிக்குது. கொசு. சுகாதாரத் துறை ஆளுங்க வந்து எடுக்கச் சொல்றாங்க. வண்டிக்காரன் ஒருத்தன் வந்து அள்ளிட்டுப் போறான். எங்க கொண்டு போறான், எரிக்கிறானா அரைக்கிறானா, எனக்குத் தெரியாது. நீங்க சொல்ற ரப்பர் வந்தா, இந்தக் குவியலை ஆலைக்காரனே விலை குடுத்து வந்து வாங்குவானா?"

"வாங்கணும்ணே. அலுமினியப் பாத்திரத்தை வாங்கற மாதிரி."

"அப்போ சீக்கிரம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற லோடு ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றப் போனார்.

அந்தக் குவியலில் இருக்கிற டயர்களில் கந்தகப் பாலம் பழைய முறையில் போட்டதுதான். தாமிர உப்பு கலக்காதது, கை மாறத் தெரியாதது. புது ரப்பர் நாளைக்கே வந்தாலும் அதற்கு முன்னாடி வெந்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும். அதை அள்ளிப் போகிற வண்டி எங்கே போகிறது என்பதை ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்க்கணும் என்று இருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.